கருங்கல் தரையில் ராக் பேண்ட்: முதல் ரெக்கார்டிங்குக்கு ஒரு கையேடு

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ புதிதாகத் தொடங்கிய ஒரு பேண்ட் பயிற்சி எடுக்கும் இடம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மாடியில் பத்துக்குப் பத்து அறை, கான்கிரீட் கூரை, சிமென்ட் பூசிய சுவர், பாலீஷ் போட்ட கருங்கல் தரை. அங்கே வாசிக்கும்போது நெஞ்சில் இடிக்கிற சத்தம், ரெக்கார்ட் செய்து கேட்டால் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல வரும். பழி மைக் மேல் விழும். அடுத்த மாதம் விலை கூடின மைக் வரும், அதே டப்பா சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

ஒரு பாட்டின் சத்தம் முடிவாவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வாசிப்பும் அரேஞ்ச்மென்ட்டும், பிறகு கருவியின் நிலை, பிறகு அறை, மைக் வைக்கும் இடம், லெவல், கடைசியாக எல்லாவற்றையும் கலக்கும் மிக்ஸ். முந்தியது கெட்டால் பிந்தியதை வைத்து மீட்க முடியாது. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்.

காசுதான் சத்தம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் முதல் ஆல்பம் ‘ப்ளீச்’ 1989-ல் வந்தது. சியாட்டிலில் ஜாக் எண்டினோ அதை ரெக்கார்ட் செய்த செலவு 606.17 டாலர். 1991-ல் வந்த ‘நெவர்மைண்ட்’டுக்குத் தயாரிப்பாளர் புட்ச் விக், மிக்ஸ் ஆண்டி வாலஸ். பளபளப்பான, அகலமான சத்தம். 1993-ல் ‘இன் யூட்டரோ’வுக்கு ஸ்டீவ் ஆல்பினி வந்தார், அறையில் காதுக்குக் கேட்பதே டேப்பில் விழ வேண்டும் என்பது அவர் கட்சி. பாடியவர் ஒருவரே, சத்தம் மூன்று விதம். தப்பாகப் போன முடிவுக்கும் ஊரறிந்த உதாரணம் உண்டு: மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாசித்தவர் வாசித்தார், மிக்ஸில் அமுக்கிவிட்டார்கள்.

போனில் ஒரு டெமோ

மைக் எதையும் வாங்குவதற்கு முன் போனை அறையின் நடுவில் ஸ்டூல் மேல் வைத்து, பாட்டை முழுதாக ஒரு தரம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். தரம் எப்படியும் மட்டமாகத்தான் இருக்கும், அதை விடுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த இடத்தில் யார் வாசிக்கிறார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை?

பத்தில் எட்டுத் தடவை பதில் இரண்டு கிட்டார்களில் இருக்கும். இருவரும் ஒரே கார்டை, கழுத்தின் ஒரே இடத்தில், ஒரே டிஸ்டார்ஷனில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கீழே பவர் கார்டில் நிற்கட்டும். மற்றவர் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போய் மூன்று தந்தியில் மட்டும் வாசிக்கட்டும். பல்லவி வரும்போது மட்டும் இருவரும் சேரலாம். எந்த ஈக்வலைசராலும் (ஒலியின் மேல், கீழ் ஸ்தாயியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) செய்ய முடியாத வேலை இது, செலவும் கிடையாது.

அடுத்தது டெம்போ. மேடையில் நிமிடத்துக்கு 150 தட்டில் ஓடும் பாட்டு ரெக்கார்டிங்கில் 144-ல் நன்றாக உட்காரலாம். மெட்ரோனோம் போட்டு மூன்று வேறு வேகத்தில் வாசித்துப் பார்த்து, பாடுபவர் மூச்சு வாங்காமல் வரியை முடிக்கும் வேகத்தை எழுதி வையுங்கள்.

அறை

கையை ஒரு தரம் பலமாகத் தட்டுங்கள். ‘டர்ர்ர்’ என்று உலோகச் சிணுங்கல் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன என்று பொருள். கருங்கல் தரையும் கான்கிரீட் கூரையும் அதே ஆட்டத்தை மேலும் கீழுமாக ஆடும்.

பத்துக்குப் பத்து அறைக்கு இன்னொரு கேடும் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி போகும். 10 அடி இடைவெளியில் அது தனக்குத் தானே சேர்ந்து வீங்கும் அலைவரிசை ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஏ தந்தியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்த ஒரு சுரம் மட்டும் ஜன்னலை ஆட்டும், பக்கத்துச் சுரம் காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று மடங்கு தொல்லை. வீட்டில் வேறு அறை இருந்தால் மூன்று அளவும் வேறு வேறாக உள்ள அறையை எடுங்கள். கூடமாக இருந்தாலும் சரி. காலியாகக் கிடக்கும் பட்டுப்புழு வளர்ப்பு மனை கிடைத்தால் நீளமும் உயரமும் டிரம்ஸுக்கு நன்றாக உதவும். ஆனால் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தூவிய இடம் அது. கழுவிக் காயும் வரை மைக்கைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.

முட்டை அட்டை ஒட்டுவதை விட்டுவிடுங்கள். அது மேல் ஸ்தாயியில் கொஞ்சம் மழுப்பும், கீழே எதையும் தொடாது, தீப்பிடித்தால் ஆபத்து வேறு. வேலை செய்வது கனமும் தடிமனும். ராக் வூல் (கல்லிலிருந்து இழைத்த பஞ்சு) பலகை 2 அங்குலத் தடிமனில் கிடைக்கும். ஓசூர் பக்கம் பாய்லர், குளிர்சாதன வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டை ஒட்டி 4 அங்குலமாக்கி, மரச்சட்டம் அடித்து, காற்றுப் புகும் பருத்தித் துணியால் மூடுங்கள். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். நாலுக்கு இரண்டு அடியில் ஆறு பலகை போதும்: நான்கு மூலைகளில் நான்கு, டிரம்ஸுக்கு நேர் மேலே கூரையில் ஒன்று, பாடுபவர் முதுகுக்குப் பின்னால் ஒன்று.

அதற்கும் காசில்லை என்றால் பழைய துணி இறுக அடைத்த சாக்கு மூட்டைகளை மூலையில் கூரை வரை அடுக்குங்கள். தரையில் ஜமுக்காளத்தின் மேல் இலவம்பஞ்சு மெத்தை. (புளி மண்டிச் சாக்கு சும்மா கிடைக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். வாசம் போகாது, ஈரத்தையும் இழுக்கும்.)

கரண்டும் எர்த்தும்

இந்த ஊர்ப் பக்கம் ரெக்கார்டிங் கெடுவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான். பாறையும் வறண்ட மண்ணுமான நிலத்தில் எர்த் சரியாக இறங்காது. கிட்டாரை ஆம்பில் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், தந்தியைத் தொட்டால் குறையும், விட்டால் ஏறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரமும் 50-லும் அதன் மடங்குகளிலும் நிற்கும். பேஸ் கிட்டாரில் ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட், அதாவது ஜி, 49 ஹெர்ட்ஸ். பிறகு மிக்ஸில் ரீங்காரத்தை வெட்டப் போனால் அந்த ஜி-யும் சேர்ந்து போகும்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எலெக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். கரியும் உப்பும் போட்ட குழி வெயில் காலத்தில் காய்ந்து போயிருக்கும், தண்ணீர் ஊற்றினாலே பல இடங்களில் அந்த வோல்ட் இறங்கிவிடும். ரீங்காரம் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள். கை கிட்டார்த் தந்தியில், உதடு மைக்கில் இருக்கும் மனிதனுக்கு அது உயிர் போகும் விஷயம்.

ஆம்ப், இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), லேப்டாப் எல்லாம் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து பிரியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கட்டும். பதியும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக், மலிவு எல்இடி பல்பு மூன்றையும் அணையுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஆம்ப் தேனீக்கூடு போல இரையும்; சைன் வேவ் வகை பரவாயில்லை. கிராமத்தில் என்றால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றிலும் மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் குதிக்கும், ஒவ்வொரு ஸ்டார்ட்டர் விழும்போதும் பதிவில் ‘டப்’ என்று ஒன்று விழும். 44-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் லாரி உறுமல் தரை வழியாகவே மைக் ஸ்டாண்டில் ஏறும். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் மடித்த ரப்பர் மிதியடி போடுங்கள்.

இன்டர்ஃபேஸும் லெவலும்

நான்கு மைக் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் தொடக்கத்துக்குப் போதும். மென்பொருளுக்கு ரீப்பர், 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பதியும்போது பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலியின் அளவு) 128, மிக்ஸ் செய்யும்போது 1024.

லெவல் பார்க்கும்போது மெல்ல வாசித்துக் காட்டாதீர்கள். பாட்டிலேயே பலமான இடத்தை முழு வேகத்தில் வாசிக்க வேண்டும். அப்போது மீட்டரின் உச்சி மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் சரி. ‘டேக்’ ஓடும்போது வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஏறும், அதற்கு மிச்ச இடம் வேண்டும். சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்தாலும் அந்த வெடிப்பு அப்படியே நிற்கும். 24 பிட்டில் குறைவான லெவல் கெடுதல் இல்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

டிரம்ஸ்

ராக் ரெக்கார்டிங்கில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மெல்லிசைக் குழுக்காரர்களிடம் வாடகைக்கு வரும் செட்டில் தோல் குழி விழுந்து, அதன் மேல் பேப்பர் டேப் நாலு வரிசை ஒட்டியிருக்கும். எத்தனை மைக் வைத்தாலும் அது அட்டைப்பெட்டிதான். ஸ்னேர் (வாசிப்பவர் முன்னால் இருக்கும் ‘டக்’ டிரம்) மேல்தோல் ஒன்றையாவது புதிதாக வாங்குங்கள். 14 அங்குலம், முன்கூட்டி அளந்துகொள்ளுங்கள்.

ஸ்னேரைச் சுருதி சேர்ப்பது இப்படி. எல்லாத் திருகையும் விரலால் முட்டும் வரை இறுக்குங்கள். பிறகு சாவியால் ஒன்றைக் கால் சுற்று, அடுத்து நேர் எதிரில் இருப்பதைக் கால் சுற்று, இப்படிக் குறுக்குக் குறுக்காகப் போங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் நடுவில் ஒரு விரலை லேசாக ஊன்றி, ஒவ்வொரு திருகிலிருந்தும் ஓர் அங்குலம் உள்ளே குச்சியால் தட்டுங்கள். ஒரு திருகில் மட்டும் சுரம் தாழ்ந்திருக்கும். அதை மட்டும் ஏற்றுங்கள். எல்லாம் ஒரே சுரத்துக்கு வந்தால் அந்த நீண்ட ‘ங்ங்’ இழுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். மீதிக்கு விளிம்பு ஓரம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு டேப். கீழ்த்தோல் மேல்தோலை விட இறுக்கமாக இருக்கட்டும். காலால் மிதித்து வாசிக்கும் கிக் டிரம்முக்குள் ஒரு போர்வை, இரண்டு தோலையும் லேசாகத் தொட்டபடி.

நான்கு மைக் போதும். க்ளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் பெயரால் அறியப்படும் முறை இது. ஒன்று கிக்குக்கு, ஒன்று ஸ்னேருக்கு. மூன்றாவது, ஸ்னேருக்கு நேர் மேலே சுமார் 40 அங்குலத்தில், கீழே பார்த்தபடி. நான்காவது, ஃப்ளோர் டாமுக்கு வெளியே அதன் விளிம்பை விட ஒரு சாண் உயரத்தில், ஸ்னேரைத் தாண்டி ஹைஹேட்டைப் பார்த்தபடி. இந்த மூன்றாவதும் நான்காவதும் ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தாக வேண்டும். அளவு டேப் தேட வேண்டாம், ஒரு நூல் போதும்: ஒரு முனையை ஸ்னேர் நடுவில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, மறுமுனையை மேல் மைக்குக்கு நீட்டி முடிச்சுப் போட்டு, அதே முடிச்சு நான்காவது மைக்கைத் தொடும் வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள். ஓர் அடி வித்தியாசம் வந்தால் ஒலி ஒன்றில் முக்கால் மில்லி நொடிக்கு மேல் பிந்தும். இரண்டையும் சேர்க்கும்போது சுமார் 565 ஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஸ்னேர் மெலிந்து போய் ‘டிக்’ என்று கேட்பதற்கு இதுவே காரணம். அதை ஈக்வலைசரால் ஏற்றப் போனால் இல்லாததைத் தேடுகிறீர்கள்.

கருங்கல் வீட்டின் வரமும் இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலேய ராக் குழு லெட் செப்பலினின் 1971 ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் ஜான் பானமின் டிரம்ஸை ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் வைத்து, மாடிப்படிக்கு மேலே மைக் தொங்கவிட்டுப் பிடித்தார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். நம் வீட்டுக் கருங்கல் மாடிப்படியும் அந்த வேலையைச் செய்யும். அறைக் கதவைத் திறந்து, படியின் உச்சியில் ஒரு மைக்கைச் சுவரைப் பார்த்து வையுங்கள். உள்ளீடு மிச்சமில்லை என்றால், முடிந்த ஸ்னேர் டிராக்கைப் படிக்கட்டின் அடியில் ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு மேலே பதிந்துகொள்ளலாம். மிக்ஸில் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும், வாங்கிய ரிவெர்ப் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

பாட்டில் பம்பையோ தப்பட்டையோ சேர்ப்பதாக இருந்தால் அறைக்குள் வேண்டாம். முற்றத்தில் அல்லது மொட்டை மாடியில், இரண்டு அடி தள்ளி ஒரு டைனமிக் மைக், லெவலை இன்னும் ஒரு படி குறைத்து. அடியின் முதல் முனை சட்டென்று உயரப் பாயும்.

பேஸ், கிட்டார்

பேஸை நேராக இன்டர்ஃபேஸில் செருகுங்கள், ஆனால் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ ஸ்விட்ச் போட்டிருக்க வேண்டும். லைன் உள்ளீட்டில் போட்டால் மேல் ஸ்தாயி செத்துக் கம்பளிக்குள் வாசித்தது போல வரும். இதற்குச் சொல்ல வேறு பெரிதாக இல்லை: தந்தி புதிதாக இருக்கட்டும், கிக் டிரம் எங்கே விழுகிறதோ அங்கேயே விரலும் விழட்டும்.

கிட்டாரில்தான் ஆசை கண்ணை மறைக்கும். மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். டிஸ்டார்ஷன் என்பதே ஒலியை நசுக்குவது. அதிகமானால் தந்தியை அடிக்கும் அந்த முதல் ‘சக்’ போய் வெறும் இரைச்சல் மிஞ்சும். கனம் வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டாவது தடவை வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கம், மற்றதை முழுக்க வலப்பக்கம் என்று வையுங்கள். ஒரே டேக்கை காப்பி செய்து இரண்டு பக்கமும் போட்டால் அகலம் வராது, நடுவில் சத்தம் கூடும், அவ்வளவுதான்.

ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலி மேல் மெத்தை மடித்து வையுங்கள். எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கை ஆம்பின் முன்துணிக்கு ஓர் அங்குலத்தில் நிறுத்துங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பீக்கரின் நடுவில் குமிழ் தெரியும். குமிழின் நடுவைப் பார்த்தால் ஊசி போலக் குத்தும். கூம்பின் ஓரம் போனால் மங்கும். குமிழும் கூம்பும் சேரும் கோட்டில் தொடங்குங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் வேறு அறையில் ஹெட்போனில் கேட்டபடி அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தச் சொல்ல வேண்டும். இந்தப் பத்து நிமிடம் மிக்ஸில் இரண்டு மணி நேரத்தை மிச்சமாக்கும்.

ஆம்ப் இல்லாமல் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியிலிருந்து நேரே எடுப்பவர்கள் ‘கேபினெட்’ அமைப்பு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அமுங்கிவிடும். அந்த அமைப்பு இல்லாத டிஸ்டார்ஷன் வாணலியில் தண்ணீர் தெறித்தது போல இருக்கும்.

தந்தியை முந்தின நாளே மாற்றி இழுத்து வையுங்கள். மே மாத மத்தியான வெயிலில் மாடி அறையில் ஒவ்வொரு டேக்குக்கும் ட்யூனரைப் பார்க்க வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

குரல்

மைக் முன்பக்கத்தைக் கேட்கும் கருவி. அதன் முன்னால் இருப்பது பாடுபவரும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். ஆகவே போர்வையும் பலகையும் பாடுபவருக்குப் பின்னால். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் கட்டிவிட்டு ஏன் எதிரொலிக்கிறது என்று கேட்பார்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, நடுவில் பாப் ஃபில்டர். தமிழில் ‘ப’, ‘ப்ப’ காற்றாக மோதும். மைக்கை உதட்டுக்கு நேராக இல்லாமல் மூக்கு உயரத்தில் வைத்துச் சற்றுக் கீழே பார்க்கச் சாய்த்தால் பெரும்பாலும் தீரும். கத்திப் பாடும் இடத்தில் பாடுபவர் அரை அடி பின்வாங்கப் பழகட்டும். நான்கு டேக் எடுத்து வரி வரியாக நல்லதைப் பொறுக்குங்கள். நாற்பது எடுத்தால் தொண்டையும் போகும், முடிவும் வராது.

மிக்ஸும் மாஸ்டரும்

முதலில் எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் ஃபேடரை மட்டும் வைத்து ஒரு மணி நேரம். கிக், பேஸ், குரல், ஸ்னேர் நான்கும் நடுவில்; கிட்டார்கள் ஓரங்களில். பிறகு கிட்டாரில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், பேஸுக்கு இடம் கிடைக்கும். டிரம்ஸில் டப்பா வாசம் அடித்தால் 400 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்குங்கள். பாட்டின் சொல் புரியவில்லை என்றால் குரலை ஏற்றும் முன் கிட்டாரில் 3 கிலோஹெர்ட்ஸை 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள். ஸ்னேருக்குக் கம்ப்ரெஸர் (பலமான சத்தத்தை அமுக்கும் கருவி): 4-க்கு 1, அட்டாக், அதாவது அமுக்கத் தொடங்கும் நேரம், 20 முதல் 30 மில்லி நொடி. அட்டாக்கை 1-க்குக் கொண்டுபோனால் குச்சி படும் சத்தமே அமுங்கி, ஸ்னேர் தலையணை ஆகும்.

எல்லாவற்றையும் ஒரு தரம் மோனோவில் கேளுங்கள். ஊர்த் திருவிழா மைக்செட்டும் போன் ஸ்பீக்கரும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கும். மோனோவில் கிட்டார் மறைந்தால் எங்கோ இரண்டு டிராக் எதிரெதிராக நிற்கின்றன; ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழை)த் திருப்பிப் பாருங்கள்.

மாஸ்டரில், அதாவது மிக்ஸுக்குப் பிந்தைய கடைசி மெருகில், சத்தத்தை ஏற்றும் போட்டிக்குப் போக வேண்டாம். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற சராசரிச் சத்த அளவுக்குச் சமப்படுத்திவிடும். மைனஸ் 6 வரை நசுக்கிக் கொடுத்தால் அவர்கள் 8 டெசிபல் இறக்குவார்கள். நசுங்கிய டிரம்ஸ் மட்டும் நசுங்கியபடியே இருக்கும். மைனஸ் 10 அல்லது 11 அளவில் லிமிட்டர் (சத்தத்தின் உச்சியைத் தடுக்கும் கருவி) லேசாகத் தொட்டால் ராக்குக்குப் போதும். உச்சி மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். அதோடு ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கப் புள்ளி ஒன்றாக, எஃபெக்ட் இல்லாமல், ‘ஸ்னேர்_மேல்’, ‘கிட்டார்_இடது’ என்று பெயரிட்டு இரண்டு வேறு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். ஒரு டிஸ்க் டிரம்மர் வீட்டில் இருக்கட்டும்.